போனால் தெரிந்த முகம் நாலு: வாசகர் கேள்வி பதில்

சென்னையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் நம்மைப் பார்த்ததும் ‘வாங்க’ என்று சற்று நகர்ந்து இடம் கொடுக்க யாரும் இல்லை என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். நான்கு கடிதங்களுக்கு இங்கே பதில்.

திருநெல்வேலியிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. துரைப்பாக்கத்தில் ஐ.டி. வேலை. சனி, ஞாயிறில் ஷாப்பிங் மாலில் சுற்றிவிட்டு ரூமுக்குத் திரும்புகிறேன். ஆபீஸுக்கு வெளியே ஒருவரோடும் பழக்கமில்லை. எங்கே போனால் பழக்கம் கிடைக்கும்?
வாசகர், பெருங்குடி

உங்கள் மேல் தவறில்லை. மாலில் இந்த வாரம் பார்த்த முகம் அடுத்த வாரம் இருக்காது. பழக்கத்துக்கு ஒரு மணிக்கணக்கு உண்டு. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் ஓரளவு நண்பராக மாற, சேர்ந்து கழிக்கும் நேரம் சுமார் 50 மணி. நண்பர் என்றே சொல்லும் நிலைக்கு வர சுமார் 90 மணி. வாரம் 2 மணி நேரம் என்று வையுங்கள், முதல் படிக்கே 25 வாரம். ஆடியில் ஆரம்பித்தால் தை வந்துவிடும். பெரும்பாலோர் மூன்று, நான்கு வாரம் போய்விட்டு ‘செட் ஆகலை’ என்று வேறு இடம் தேடுகிறார்கள். கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

அதனால் இடத்தைவிடக் கிழமையை முதலில் பாருங்கள். வாராவாரம் ஒரே நாள், ஒரே நேரம், அதே ஆட்கள் கூடும் இடமாக இருக்க வேண்டும். ரூமிலிருந்து அரை மணிக்குள் போய்ச் சேர வேண்டும்; ஐப்பசி மழையில் முதலில் நின்றுபோவது தூரத்து இடம்தான். கைக்கு ஏதாவது வேலை இருந்தால் இன்னும் நல்லது. சும்மா எதிரெதிரே உட்கார்ந்து பேச்சை வளர்ப்பது கூச்சக்காரர்களுக்குக் கஷ்டம்.

உங்கள் பக்கத்தில் இதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கத்திலேயே இருக்கிறது. வலசைப் பறவைகள் வரும் பனிக்காலத்தில் காலையில் பைனாகுலரோடு ஆட்கள் வருவார்கள். 1978இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி பறவை பார்க்க அழைத்துப் போகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். மாணவர்கள் 1988 முதல் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் சுமார் 7 கிலோமீட்டர் கடற்கரை நடை போகிறது. வார இறுதியில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு தடவை பார்வையாளராகப் போனால் ஆமையை மட்டும்தான் தெரியும். தொண்டராகச் சேர்ந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகும் வேலையில் நின்றால் மூன்றே மாதத்தில் ஒரு கூட்டமே தெரிந்துவிடும்.

எங்கே சேர்ந்தாலும் பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். பேச்சு நடப்பது தொடங்குவதற்கு முன்பும் முடிந்து டீ குடிக்கும்போதும்தான். பெயர் கேட்டால் உடனே போனில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும், உங்களுக்கும் அவருக்கும்.

அம்மாவுக்கு 64 வயது. மதுரையில் தெரு முழுக்க சிநேகிதம். இப்போது எங்களோடு ஆறாவது மாடியில். பகலெல்லாம் டி.வி.தான். எங்கே அழைத்துப் போவது?
வாசகி, போரூர்

அழைத்துப் போகும் இடம் வேண்டாம். அவரே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பக்கூடிய இடமாகப் பாருங்கள். நீங்கள் காரில் விட வேண்டிய இடம் என்றால், ‘உனக்கு வேலை இருக்கும், விடும்மா’ என்று இரண்டாம் வாரமே நின்றுவிடுவார். பக்கத்தில் யார் எங்கே கூடுகிறார்கள் என்பது தெருமுனைப் பூக்காரம்மாவுக்கும் வாட்ச்மேனுக்கும் தெரியும். அவர்களிடம் கேளுங்கள்.

மாநகராட்சிப் பூங்கா என்றால் மாலை 5 மணிக்கு மேல். பகலில் பூட்டிவிடும் பூங்காக்களும் உண்டு, வாசலில் உள்ள நேரப் பலகையைப் பார்த்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் கூடவே போங்கள். மூன்றாம் நாள் உட்காரவைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். மகள் பக்கத்தில் நின்றால், ‘துணைக்கு ஆள் இருக்கு’ என்று மற்ற பெண்கள் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். தினமும் அதே பெஞ்சுக்குப் பக்கமாகவே உட்காரட்டும்.

கோயிலுக்குப் போகும் பழக்கம் இருந்தால் மார்கழியை விடாதீர்கள். திருப்பாவை 30 பாட்டு, நாளுக்கு ஒன்று. பல கோயில்களில் விடியற்காலையில் பெண்கள் சேர்ந்து பாடுகிறார்கள். யாரும் உறுப்பினரா என்று கேட்பதில்லை, குரல் நன்றாக இருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை. பாடி முடித்ததும் சுடச்சுட வெண்பொங்கல். ஒரு மாதம் தொடர்ந்து அதே முகங்களைப் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு இந்த ஊரில் இல்லை.

கிளை நூலகத்தையும் மறக்க வேண்டாம். பல கிளைகளில் வாசகர் வட்டம் இருக்கிறது. கூட்டம் எந்த நாள் என்று நூலகரிடம் நேரில் கேளுங்கள். நாற்காலி போடவும் காபி கொடுக்கவும் ஒரு கை தேவைப்படும், அம்மா அதை ஏற்றுக்கொண்டால் அடுத்த கூட்டத்துக்கு அவரைத் தேடுவார்கள். செலவு பற்றித் தயங்க வேண்டாம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. உங்கள் பங்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது.

டீக்கடை பெஞ்ச் ஆண்களுக்கு. ஒரு பெண் தனியாக ஒரு மணி நேரம், யாரும் முறைக்காமல் உட்கார எங்கே போவது?
வாசகி, சைதாப்பேட்டை

நியாயமான கோபம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் உங்களுக்குப் பக்கம். தரைத்தளத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு; எவ்வளவு நேரம் இருந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். உள்ளே பேச முடியாது என்பது குறைதான். வழக்கமாக வருபவர்களோடு பேச்சு வெளியே, சாப்பாட்டு நேரத்தில் தொடங்கும். டிசம்பர் சீசனில் பல சபாக்களில் பகல் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, கேன்டீனுக்கும் கிடையாது. தனியாக வந்து அடை அவியல் சாப்பிடும் பெண்கள் அங்கே சகஜம். புது இடம் எதுவானாலும் முதல் தடவை பகலில் போய் மூன்றைப் பாருங்கள்: கழிப்பறை திறந்திருக்கிறதா, இருட்டிய பின் பஸ் நிறுத்தம் வரை விளக்கு இருக்கிறதா, உங்களைத் தவிர இரண்டு பெண்களாவது இருக்கிறார்களா. மூன்றாவது இல்லையென்றால் நேரத்தை மாற்றிப் பாருங்கள். காலை 7 மணிக்கு நிறைந்திருக்கும் பூங்கா மதியம் வேறு ஆட்களின் கையில் இருக்கும்.

எங்கள் அபார்ட்மென்டில் 24 வீடு. லிஃப்டில் தலையாட்டுவதோடு சரி. கீழே கேரம் போர்டு போட்டால் ஆள் சேருமா?
வாசகர், கொளத்தூர்

சேரும். உலக சாம்பியன் மரிய இருதயத்தைத் தந்த ஊர் இது. வடசென்னைக்குக் கேரம் சொல்லித்தர வேண்டியதில்லை.

போர்டு மலிவாக வாங்காதீர்கள். ஆடும் பரப்பு உள்ளளவில் 74 செ.மீ. சதுரமாக இருக்க வேண்டும். சிறுவர் போர்டில் பெரியவர்கள் இரண்டு நாளில் சலித்துவிடுவார்கள். கருப்பு 9, வெள்ளை 9, ரெட் 1. ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. ஸ்டாண்டின் உயரம் 63 முதல் 70 செ.மீ.; டீப்பாய் மேல் வைத்தால் வயதானவர்களுக்கு முதுகு பிடிக்கும். விளக்கு போர்டின் நடுவுக்கு நேர் மேலே, ஷேடோடு தொங்க வேண்டும். பக்கத்துச் சுவர் டியூப்லைட்டில் ஆடுகிறவரின் கை நிழலே காயை மறைக்கும். பவுடரைத் துளியாகத் தூவித் துணியால் துடையுங்கள். கடலோரக் காற்றின் ஈரத்தில் பவுடர் கட்டியானால் காய் நகராது. ஆடி முடித்ததும் போர்டைத் துணி போர்த்தி மாடிப்படிக்கு அடியில் நிறுத்திவையுங்கள். படுக்கவைத்து மேலே சாமான் அடுக்கினால் பலகை வளைந்துவிடும்.

இரண்டு போர்டு, எட்டுப் பேர் என்று தொடங்குங்கள். இத்தகைய கூட்டம் கெட்டுப்போகும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான்: நன்றாக ஆடும் நாலு பேர் எழுந்திருக்கவே மாட்டார்கள். ‘ஜெயித்தவர் தொடரலாம்’ என்ற தெரு வழக்கம் இங்கே வேண்டாம். 25 பாயின்ட் கேம் நீண்டுவிடும் என்பதால் இரண்டு சுற்று முடிந்ததும் நாலு பேரும் எழ வேண்டும். ஜோடியைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். 12 வயதுப் பையனும் ரிட்டயரான தாத்தாவும் ஜோடி சேர்ந்தால் இரண்டு வீடு பழகிவிடும். பெண்களுக்கென்று ஒரு போர்டை ஒதுக்காதீர்கள், அதே குலுக்கலில் அவர்கள் பெயரும் இருக்கட்டும். காசு வைத்து ஆடுவதை முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

அசோசியேஷன் செகரட்டரியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வியாழன், ஞாயிறு என்று நாளை நிலைப்படுத்தி, 7 முதல் 9 வரை மட்டும். 9 மணிக்கு விளக்கை அணைக்கும் பொறுப்பு ஒருவருக்கு. ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஸ்ட்ரைக்கர் சத்தம் முதல் மாடி வரை கேட்கும். பரீட்சை மாதத்தில் அங்கே படிக்கும் பிள்ளைகள் இருந்தால் போர்டை மொட்டை மாடிக்கு மாற்றிவிடுங்கள். ஆட வராமல் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு நாலு நாற்காலி கூடுதலாகப் போடுங்கள்.