பேட்டரி நன்றாக இருந்தும் விளக்கு ஏன் மங்குகிறது? படகு, லாரி வயரிங் கேள்வி பதில்

தூத்துக்குடியில் படகுக்கும் லாரிக்கும் வயரிங் வேலை செய்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீளும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எல்லாரும் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். இப்போது வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றுக்கு இங்கே விடை சொல்கிறேன்.

அண்ணாச்சி, எங்களுடையது ஃபைபர் படகு. பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டுகிறது. ஆனால் அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) உள்ள 120 வாட் ஆலசன் விளக்கு மங்கலாகவே எரிகிறது. வீடு கட்டியபோது மிச்சமான 2.5 சதுர மி.மீ. வயரைத்தான் போட்டேன். தூரம் பத்து மீட்டர். (நாகப்பட்டினம்)

பேட்டரியில் குறையில்லை தம்பி. வோல்ட் வழியில் கரைகிறது. 120 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். அந்த வயரின் தடை மீட்டருக்குச் சுமார் 0.007 ஓம். மின்சாரம் போகப் பத்து மீட்டர், திரும்பப் பத்து மீட்டர். ஆக இருபது மீட்டருக்கு 0.14 ஓம். பத்து ஆம்பியருக்கு 1.4 வோல்ட் போய்விட்டது. வீட்டில் 230 வோல்ட்டில் 1.4 குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல். ஆலசன் விளக்குக்கு வோல்ட் அவ்வளவு குறைந்தால் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

10 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 0.35 வோல்ட்டாக இறங்கும். ஆனால் அந்தச் செலவு வேண்டாம். 30 வாட் எல்.இ.டி. விளக்கு வாங்குங்கள். அது இழுப்பது 2.5 ஆம்பியர்தான். 2.5 சதுர மி.மீ. வயரிலேயே இழப்பு அதே 0.35 வோல்ட்டுக்கு வந்துவிடும், பேட்டரியும் தப்பிக்கும்.

ஆனாலும் வீட்டு வயரைப் படகில் விட்டுவைக்காதீர்கள். அதன் செம்பு வெறும் செம்பு. போன ஆண்டு ஒரு படகின் வயரைப் பிளேடால் கீறிப் பார்த்தேன். மேலே உறை புத்தம் புதிதாக இருந்தது. முனையில் பச்சைக் களிம்பு. இரண்டு விரல் உள்ளே போனால் செம்பு கறுத்திருந்தது. ஒரு முழம் வெட்டி எறிந்தேன், அங்கேயும் கறுப்பு. நகத்தால் நெருடினால் இழைகள் பொடியாக உதிர்ந்தன. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உப்பு ஈரம் இழைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டே போகும். அதனால் வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பு வயரைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் ஆண்டுதோறும் ஒட்டுப்போடும் வேலை இருக்காது.

ஒட்டு போடும் இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் போதாதா?

ஈயப்பற்றை மட்டும் நம்பக் கூடாது. ஈயம் எதுவரை ஊறியதோ அதுவரை வயர் கம்பியாக விறைத்துவிடும். எஞ்சின் அதிர்வில் அந்த எல்லையில்தான் முறியும். வயர் முனையை நுழைக்கும் செம்பு லக் போட்டு, அதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. பிறகு உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைப் போட்டுச் சூடுகாட்டுங்கள். இரு முனையிலும் பசை லேசாகப் பிதுங்கி வர வேண்டும். வந்தால் தண்ணீர் புகாது. கறுப்பு டேப்பை மட்டும் சுற்றினால் வெயிலில் பசை இளகி, ஈரத்தைப் பிடித்துவைக்கும் பையாகிவிடும்.

மீன் தேடும் கருவிக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ். அடிக்கடி போகிறது. 30 ஆம்பியர் போட்டுவிட்டால் தொல்லை தீருமா? (இராமேசுவரம்)

செய்யவே செய்யாதீர்கள். ஃபியூஸ் கருவியைக் காப்பதைவிட வயரைக் காப்பதற்காகத்தான் இருக்கிறது. கருவிக்குப் போகும் மெல்லிய வயரில் 30 ஆம்பியர் ஓடினால் ஃபியூஸ் சும்மா இருக்கும். வயர் பழுத்து எரியும். ஃபைபர் படகில் பிசின் தீப்பிடித்தால் எங்கே ஓடுவீர்கள்? ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. கருவியைக் கழற்றிவிட்டு ஃபியூஸ் போட்டுப் பாருங்கள். அப்போதும் போனால் குறை வயரில். போகாவிட்டால் குறை கருவியில்.

இன்னொன்றும் பாருங்கள். பேட்டரியிலிருந்து கிளம்பும் பாசிட்டிவ் வயரில் மெயின் ஃபியூஸ் இருக்கிறதா? பேட்டரியிலிருந்து 18 செ.மீ.க்குள் அது இருக்க வேண்டும். பலர் சுவிட்ச் போர்டில்தான் வைக்கிறார்கள். பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவே வயர் உரசினால் அதைத் தடுக்க எதுவுமே இல்லை.

எங்கள் லாரி 24 வோல்ட். பாட்டுப்பெட்டிக்கும் செல்போன் சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டும். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்துவிட்டேன். ஓராண்டில் ஒரு பேட்டரி போய்விட்டது. (நாமக்கல்)

காரணம் அதுதான். இரண்டு பேட்டரியும் ஒரே வரிசையில் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் சுரண்டினால் அது எப்போதும் அரைப்பசியில் கிடக்கும். ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்து 28 வோல்ட் அளவுக்கு ஏற்றும்போது, நிறைந்த பேட்டரி அளவுக்கு மீறி வாங்கிக் கொதிக்கும், பசித்தது நிறையாது. 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைப் போடுங்கள். புதிய பேட்டரியை ஒன்றாக வாங்காமல் ஜோடியாக மாற்றுங்கள். பழையதும் புதியதும் சேர்ந்தால் மறுபடி இதே கதைதான்.

இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்குகின்றன. மெக்கானிக், இண்டிகேட்டரை மினுக்கவைக்கும் ஃபிளாஷரை இரண்டு முறை மாற்றிவிட்டார்.

எர்த்தை, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் இணைப்பைப் பாருங்கள் ஐயா! பின்விளக்குக் கூட்டுக்கு எர்த் சரியாகக் கிடைக்காதபோது, மின்சாரம் பக்கத்து பல்பின் வழியாகச் சுற்றித் திரும்பும். அதனால்தான் சம்பந்தமில்லாத விளக்கும் மினுக்குகிறது. சோதிக்க ஐந்து நிமிடம் போதும். விளக்கின் எர்த் முனையிலிருந்து தனியாக ஒரு வயரைச் சேசிஸில் (லாரியின் அடிச்சட்டத்தில்) சுத்தமான இரும்பில் பிடித்துப் பாருங்கள். மினுக்கல் நின்றுவிட்டால் வேலை முடிந்தது. பழைய எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயிண்டும் துருவும் போக எமரித் தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேயுங்கள். இறுக்கி முடித்த பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். டிரெய்லர் என்றால் ஏழு முனை பிளக்கில் 1-ஆம் முனைதான் எர்த். அதில் களிம்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

லாரியைப்போலவே படகிலும் ஒற்றை வயர் ஓட்டி, எர்த்தை எஞ்சினில் கொடுத்துவிட்டேன். சரிதானே?

சரியில்லை. படகில் ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு வயர் வேண்டும். எஞ்சின் உடம்பு, ஷாஃப்ட் வழியாக மின்சாரம் கடல் நீரில் கசிந்தால் உலோகத்தை அரித்துத் தின்னும். அரிப்பைத் தடுக்கத் துத்தநாகக் கட்டி வைத்திருக்கிறோமே என்பீர்கள். அது உலோகங்களுக்கிடையே இயல்பாக நடக்கும் அரிப்புக்குத்தான். பேட்டரிக் கசிவுக்கு முன்னால் அது வெகுநாள் நிற்காது.

என் கணவர் தங்குகடல் போகிறார், பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பார். இரவு முழுக்க விளக்குப் போட்டால் காலையில் எஞ்சின் எடுக்குமோ என்று பயமாக இருக்கிறது அண்ணா.

பயப்பட வேண்டிய விஷயம்தான் சகோதரி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 வாட் விளக்கு நான்கு, ஜி.பி.எஸ். முதலிய கருவிகளுக்கு 10 வாட், ஆக 50 வாட். 12 வோல்ட்டில் 4.2 ஆம்பியர். பத்து மணி நேரத்துக்கு 42 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். எனவே ஒரு இரவுக்கு ஒரு பேட்டரி சரியாக இருக்கிறது. அதே பேட்டரியில் எஞ்சினையும் எடுக்கச் சொல்லாதீர்கள். எஞ்சினுக்குத் தனிப் பேட்டரி, விளக்குக்குத் தனிப் பேட்டரி, நடுவே மாற்றுச் சுவிட்ச். வி.எச்.எஃப். ரேடியோவை எஞ்சின் பேட்டரியில் கொடுக்கச் சொல்லுங்கள். விளக்கெல்லாம் அணைந்த இரவிலும், ஆபத்துக்கு அழைக்கும் 16-ஆம் சேனலில் அவர் குரல் கேட்க வேண்டும்.

மீனைக் கவர்ந்திழுக்க ஜெனரேட்டர் வைத்துப் பெரிய எல்.இ.டி. விளக்குகள் போட வயரிங் சொல்லுங்கள்.

மாட்டேன். 2017-லேயே மத்திய அரசு அந்த முறைக்குத் தடை விதித்துவிட்டது. குஞ்சு குளுவான் எல்லாம் ஒரே வீச்சில் போய்விடும். பக்கத்துப் படகுக்காரன் பிள்ளைக்கு நாளைக்கு என்ன மிஞ்சும்?

சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் வயரிங்கில் இடம் மாறிவிட்டன. எரிகிறதே, பரவாயில்லையா?

உடனே மாற்றுங்கள், இன்றைக்கே. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. எதிரே வரும் கப்பல் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று முடிவு செய்யும். மாறியிருந்தால் நீங்கள் அவரைவிட்டு விலகுவதாக நினைத்து உங்கள் மேலேயே வருவார்.

பேட்டரி கழற்றும்போது எதை முதலில் எடுப்பது?

நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். லாரியில் பாசிட்டிவை முதலில் திருகும்போது ஸ்பானர் சேசிஸில் பட்டால் பெரும் பொறி கிளம்பும். சார்ஜ் ஏறிய பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் இருக்கும். காற்றில் அது 4 சதவீதம் இருந்தாலே பற்றிக்கொள்ளும். மோதிரம், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். என் இடக்கை மோதிர விரலில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது. வேலை பழகிய இரண்டாம் ஆண்டில் ஸ்பானருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மோதிரம் மாட்டியது.

படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கத் தானியங்கி பம்பு வாங்கியிருக்கிறேன். மெயின் சுவிட்ச் வழியாகக் கொடுக்கலாமா?

வேண்டாம். ஆளில்லாமல் கட்டிக் கிடக்கும்போதுதான் அது ஓட வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்தால் அதுவும் நின்றுவிடும். பேட்டரியிலிருந்து நேராக, தனி ஃபியூஸ் போட்டு, மிதவைச் சுவிட்ச் வழியாகக் கொடுங்கள். ஒட்டுகள் தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கடலுக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் மிதவையைக் கையால் தூக்கிப் பாருங்கள். பம்பு உறுமினால் கயிற்றை அவிழ்க்கலாம்.