நான்கு வயதுக் குழந்தைக்கு ஆங்கிலத்தை ஏ, பி, சி, டி-யில் இருந்துதான் தொடங்க வேண்டுமா?

வேண்டாம். வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு முதலில் காதுதான் பழக வேண்டும். பென்சிலுக்கு அவசரமே இல்லை.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் உருவாக்கிய முறை இந்த வயதுக்கு அருமையாகப் பொருந்தும். 'ஸ்டாண்ட் அப்' என்று சொல்லிக்கொண்டே நீங்கள் எழுந்து நில்லுங்கள், குழந்தையும் எழும். 'டச் யுவர் நோஸ்' என்று சொல்லி மூக்கைத் தொடுங்கள். கொஞ்ச நாளில் நீங்கள் அசையாமல் சொன்னாலே குழந்தை செய்துவிடும். அர்த்தம் பிடிபட்டது அதிலேயே தெரியும். இடையில் தமிழில் விளக்கினாலும் தப்பில்லை. தாய்மொழி இதற்கு எதிரி அல்ல.

வாரக்கணக்கில் குழந்தை ஆங்கிலத்தில் வாயே திறக்காமல் இருக்கலாம். அது இயல்புதான். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் நிறுத்தி, 'எங்கே, மாமாவுக்கு இங்கிலீஷ்ல சொல்லு' என்று மட்டும் கேட்காதீர்கள், பாவம்.

பேசத் தொடங்கியதும் பிழை வரும். 'ஹி கோ ஸ்கூல்' என்றால், 'யெஸ், ஹி கோஸ் டு ஸ்கூல்' என்று சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

அப்புறம் எழுத்து. அதிலும் பெயருக்கு முன்னால் ஒலியைக் கொடுங்கள். பூனையைக் குறிக்கும் 'கேட்' என்ற சொல்லின் முதல் எழுத்துக்குப் பெயர் 'சி', ஒலியோ 'க்'. பெயரை மட்டும் மனப்பாடம் செய்த குழந்தை வாசிக்கும்போது இங்கேதான் திணறும்.