ரைமர் நின்றால் எறிவதா, திருத்துவதா?

கேள்வி: கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறோம். கிணற்றுத் தண்ணீரைத் தாங்கிக்கு ஏற்ற ஒரு குதிரைவலு மோட்டர், அதற்கு ஒரு டிஜிட்டல் ரைமர். ஒன்றரை வருசத்தில் இரண்டு ரைமர் போய்விட்டன. முதலாவதில் திரை இருண்டுவிட்டது. இரண்டாவது நேரத்தைச் சரியாகக் காட்டுகிறது, ஆனால் மோட்டர் நிற்காமல் ஓடித் தாங்கி வழிந்தது. வயரிங் செய்யும் தம்பி இரண்டையும் எறியச் சொல்கிறார், என் கணவரோ திருத்தலாம் என்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, உப்புவெளி

பதில்: சகோதரி, முதலாவதைத் திருத்தலாம், இரண்டாவதை எறியுங்கள்.

திரை இருண்டதென்றால் முதலில் அதைச் சொருகி ஒரு பகல் முழுக்க விட்டுவிட்டு, முகப்பில் இருக்கும் சின்ன ரீசெட் துளையில் ஈர்க்குக் குச்சியால் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். உள்ளே இருக்கும் குட்டிப் பற்றரி முழுக்க இறங்கினாலும் திரை இருண்டுவிடும், அதை அறியாமல் நல்ல ரைமரை எறிந்தவர்கள் எத்தனையோ பேர். அதற்கும் உயிர் வரவில்லையா, பெரும்பாலும் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் கெப்பாசிட்டர்தான் தளர்ந்திருக்கும். எக்ஸ்2 என்று அச்சிட்ட, பெட்டி மாதிரியான சாமான் அது. கரண்ட் போய்த் திரும்பும்போதும், ஐப்பசி கார்த்திகை இடிமின்னலிலும் வோல்ட் எகிறும் ஒவ்வொரு முறையும் அதன் உள்தகடு கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து அளவு குறையும், கடற்காற்றின் ஈரமும் அதற்குத் துணை போகும். முதலில் திரை ஒளிரும், 'டிக்' சத்தம் மட்டும் கேட்காது, ஏனென்றால் ரிலேயை, அதாவது மோட்டருக்குக் கரண்டைக் கொடுத்து நிறுத்தும் உள் சுவிட்சை, இழுக்கும் அளவுக்கு வலு இருக்காது. அப்புறம் திரையும் போய்விடும். அதே அளவில் புது எக்ஸ்2 கெப்பாசிட்டர் போட்டால் அநேகமாகச் சரியாகிவிடும். ரேடியோ, ரிவி திருத்துபவர்களுக்குச் சின்ன வேலை, சாமானும் மலிவு.

ஆனால் நீங்களே திறக்க வேண்டாம். இப்படிப்பட்ட ரைமர்கள் பலவற்றில் ட்ரான்ஸ்போமர் இல்லை, 230 வோல்ட் நேரே பலகைக்கு வரும். சுவரிலிருந்து கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின் தங்கி நிற்கலாம்.

இரண்டாவது வேறு கதை. அதில் ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டியிருக்கின்றன. ரைமரில் 16 அம்பியர் என்று பெரிதாகப் போட்டிருப்பது ஹீட்டர் மாதிரியான சுமைக்கு, மோட்டருக்கு அதைவிடக் குறைவுதான், அதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், சிலவற்றில் போடுவதே இல்லை. உங்கள் மோட்டர் ஓடும்போது ஐந்தாறு அம்பியர் இழுக்கும், கிளம்பும் அந்த நொடியில் அதைப்போல ஐந்து மடங்குக்கு மேலும் இழுக்கலாம். அப்போது முனைகளுக்கிடையே பறக்கும் தீப்பொறியைத் தினமும் இரண்டு தடவை தாங்கினால் முனை ஒட்டாமல் என்ன செய்யும்? தட்டினால் விடுபடும், நாளைக்கு மறுபடி ஒட்டும். அப்படி ஒட்டிய பெட்டியை வீட்டில் ஆள் இல்லாத நேரம் நம்பி விடக் கூடாது.

புதிதாக எதை வாங்கினாலும் மோட்டரை நேரே ரைமரில் மாட்டாதீர்கள். இடையில் ஒரு கான்டாக்டர், அதாவது மோட்டர் சுமையைத் தாங்கும் காந்தச் சுவிட்ச், போடச் சொல்லுங்கள். ரைமர் அதன் சுருளை மட்டும் இயக்கும், மோட்டரின் கரண்ட் முழுக்கக் கான்டாக்டர் வழியாகப் போகும். இதைச் செய்யாமல் மூன்றாவது ரைமர் வாங்குவது வீண் செலவு. வயரிங் தம்பி வரும்போது ட்ரிப் சுவிட்சை இறக்கிவிட்டு இணைப்புத் திருகுகளையும் பார்க்கட்டும், நம் பக்கத்தில் அவை பச்சைக் களிம்பு பிடித்துச் சூடேறும்.

கேள்வி: கோழிக்கூட்டு லைட்டுக்குச் சுற்றுகிற தட்டு வைத்த ரைமர் வாங்கினேன். சில வாரம் சரி, சில வாரம் அரை மணி, ஒரு மணி பிந்துகிறது. பழுதா?
- வாசகர், மூதூர்

பதில்: பழுது இல்லை. அந்தத் தட்டைச் சுற்றுவது மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் துடிப்போடு ஓடும் சின்ன மோட்டர், கரண்ட் நின்றால் அதுவும் அப்படியே நிற்கும். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுக்க இருண்டபோது இந்த வகை ரைமர்கள் எல்லாம் மணிக்கணக்கில் பின்தங்கின. கரண்ட் போய் வந்தால் கையால் தட்டைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வையுங்கள், அம்புக்குறி காட்டும் பக்கம் மட்டும். கரண்ட் இருந்தும் தட்டு அசையவில்லை என்றால் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்திருக்கும். அதற்குத் தனிச் சாமான் கிடைப்பது அரிது, புதிதாக வாங்குங்கள். அடிக்கடி கரண்ட் போகிற இடமென்றால் பற்றரி வைத்த டிஜிட்டல் வகைதான் உங்களுக்குப் பொருந்தும்.