மீடை விட்டுவிட்டுத் தொடங்குங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மொரிஷியஸில் ரோஸ் ஹில் என்ற ஊரில் மாலை நேரத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். உங்கள் தளத்தில் வரும் நீண்ட உரையாடல்களை ஒன்று விடாமல் படிக்கிறேன். அதேபோல இங்குள்ள பொருளாதார அறிஞர்கள், அரசியல் ஆய்வாளர்கள், சமூகவியலாளர்கள் ஆகியோரைப் பேட்டி கண்டு தமிழில் வெளியிட நாங்கள் மூன்று பேர் முயல்கிறோம். முதலில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம் போனோம். ஒன்றரை மணி நேரம் பேசினார். எழுதிப் பார்த்தால், செய்தித்தாள்களில் பலமுறை வந்ததுதான் அத்தனையும். "மொரிஷியஸ் அதிசயம் எப்படி நிகழ்ந்தது?" என்பதே எங்கள் முதல் கேள்வி. எங்கே தவறினோம்? கேள்விகளை எப்படித் தயாரிப்பது? பாதி பிரெஞ்சிலும் பாதி எங்கள் பேச்சுமொழியான கிரியோலிலும் பேசியதைத் தமிழில் எப்படித் தருவது? வெளியிடும் முன் அவர் பார்த்துத் திருத்த வேண்டும் என்கிறார். சம்மதிக்கலாமா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

பேராசிரியர் மேல் குற்றமில்லை. அந்த முதல் கேள்விதான் காரியத்தைக் கெடுத்தது. இந்தத் தீவில் பொருளாதாரம் படித்த எவரிடமும் அதற்கு மனப்பாடமான பதில் ஒன்று உண்டு. 1961இல் பிரித்தானியப் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட் தம் குழுவின் அறிக்கையில் நமக்கு எதிர்காலம் இல்லை என்று எழுதினார், நாம் அவரைப் பொய்யாக்கினோம், காரணம் சர்க்கரை, துணி, சுற்றுலா, நிதிச் சேவை, இன நல்லிணக்கம். பத்து நிமிடத்தில் முடிகிற பதில் இது. மீதி எண்பது நிமிடமும் அதற்கு உரை எழுதுவதாகவே போகும். பெரிய அறிஞர் என்பதால் பழைய கேள்விக்குப் புதிதாக யோசித்துப் பதில் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அறிஞரிடம் அவருடைய கருத்தைக் கேட்க வேண்டியதே இல்லை. அது அவருடைய கட்டுரைகளில் இருக்கிறது, வீட்டிலிருந்தே படித்துவிடலாம். நேரில் போவது அந்தக் கருத்து எங்கே நிற்கிறது, எங்கே ஆட்டம் காண்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். அதற்கு நீங்கள் மூல ஆவணத்தைப் படித்திருக்க வேண்டும். வேறு குறுக்கு வழி கிடையாது.

மீடையே எடுத்துக்கொள்வோம். அவர் பெயரைச் சொல்பவர்களில் அந்த அறிக்கையைப் புரட்டியவர்கள் குறைவு. 1960 பிப்ரவரியில் கரோல் புயல் தீவைச் சூறையாடியது. அந்தச் சூழலில்தான் அவர் குழு வேலை செய்தது. மலேரியா ஒழிப்பால் சாவு குறைந்திருந்தது, ஆனால் பிறப்பு குறையவில்லை. ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 6 குழந்தைகள். ஏற்றுமதி என்றால் கிட்டத்தட்ட முழுக்கச் சர்க்கரை. இந்த நிலையைப் பார்த்துத்தான் அவர் கவலைப்பட்டார். ஆனால் கவலையோடு பரிந்துரைகளும் தந்தார்: வேலைவாய்ப்பு பெருக வேண்டுமானால் கூலியை வேகமாக ஏற்றாதீர்கள், அதனால் ஏழைகளுக்கு வரும் இழப்பை வேறு உதவிகளால் ஈடுகட்டுங்கள், ஆள் அதிகம் தேவைப்படும் தொழில்களை வளருங்கள், குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடங்குங்கள். 1970களின் தொடக்கத்திலேயே பிறப்பு ஒரு பெண்ணுக்கு மூன்றரைக்கு அருகே இறங்கிவிட்டது. அப்படியானால் மீட் தோற்றாரா, அல்லது அவர் சொன்னதில் பெரும்பகுதியைச் செய்ததால்தான் அவர் பயந்தது நடக்கவில்லையா? "அந்தப் பரிந்துரைகளில் அரசு எதை எடுத்தது, எதை ஒதுக்கியது, ஒதுக்கியதால் லாபமா நட்டமா?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு யாரிடமும் மனப்பாடப் பதில் இல்லை. அவர் யோசிக்கத் தொடங்கும் நிமிடம்தான் உங்கள் பேட்டியின் முதல் நிமிடம்.

இன்னும் நல்லது, மீடை அடியோடு விட்டுவிட்டு ஓர் ஆண்டிலிருந்து தொடங்குவது. ஏற்றுமதி ஆலைகளுக்குச் சலுகை தரும் ஏற்றுமதி மண்டலச் சட்டம் 1970இல் வந்தது. பேராசிரியர் எடுவார் லிம் ஃபாட் வலியுறுத்திய யோசனை அது. மற்ற நாடுகளில்போல இங்கே வேலி போட்ட ஒரே மண்டலம் அமையவில்லை. தீவின் எந்த ஊரில் ஆலை தொடங்கினாலும் அந்தத் தகுதி கிடைத்தது. ஆனால் வேலைவாய்ப்பில் பெரும் பாய்ச்சல் 1980களின் நடுவில்தான் வந்தது. இடையில் 1979இலும் 1981இலும் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. முதல் முறை ஏறத்தாழ 30 சதவீதம், அடுத்த முறை 20 சதவீதம். எனவே, "பாய்ச்சலுக்குச் சட்டம் காரணமா, மதிப்புக் குறைப்பு காரணமா, ஹாங்காங் முதலாளிகள் ஐரோப்பிய, அமெரிக்கத் துணி ஒதுக்கீட்டை, அதாவது நாடுவாரியான இறக்குமதி வரம்பில் இடத்தைத் தேடி இங்கே வந்தது காரணமா? ஒன்றை நீக்கிவிட்டால் மற்றவை நிற்குமா?" என்று கேட்கலாம். ஆலைகளில் பெண்களுக்குச் சட்டப்படியே குறைந்த கூலி இருந்ததை அவர் தானாகச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் எடுத்து வையுங்கள்.

சர்க்கரையும் அப்படித்தான். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளுக்கும் இடையிலான 1975 லோமே உடன்படிக்கையோடு வந்த சர்க்கரை நெறிமுறை, ஆண்டுக்கு நம்மிடமிருந்து ஏறத்தாழ 5 லட்சம் டன்னை ஐரோப்பா உறுதியான விலைக்கு வாங்கும் என்றது. "எல்லாம் அதிர்ஷ்டம்" என்பவர் இதைத்தான் காட்டுவார். அவரிடம் பிஜியையும் கயானாவையும் முன்வையுங்கள். அதே நெறிமுறையில் அவர்களும் இருந்தார்கள், விளைவு மட்டும் வேறாக இருந்தது. "எல்லாம் நம் நிறுவனங்களின் சிறப்பு" என்பவரிடம் எதிர்ப்பக்கத்திலிருந்து போங்கள்: 2005 தொடக்கத்தில் துணி ஒதுக்கீடு முடிந்தது, 2006 முதல் ஐரோப்பா சர்க்கரை விலையைப் படிப்படியாக 36 சதவீதம் குறைத்தது, 2009இல் நெறிமுறையே முடிந்தது. நிறுவனங்கள் அத்தனை வலுவானவை என்றால் அந்த ஆண்டுகளில் ஆலைகளை இழந்தவர்கள் எங்கே போனார்கள்? அர்விந்த் சுப்பிரமணியனும் தேவேஷ் ராயும் 2001இல் பன்னாட்டு நாணய நிதியத்துக்காக எழுதிய ஆய்வுத்தாள் இந்தப் போட்டி விளக்கங்களை வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறது. பேட்டிக்கு முன் அதை நீங்கள் மூவரும் படித்தாக வேண்டும். சுப்பிரமணியன் பிறகு இந்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்தவர்.

"நல்லிணக்கம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். 1999 பிப்ரவரியில் கிரியோல் சமூகப் பாடகர் காயா போலீஸ் காவலில் இறந்த பிறகு தீவு எரிந்ததே, அதை உங்கள் விளக்கத்தில் எங்கே வைப்பீர்கள்? 2009இல் அமைந்து 2011இல் அறிக்கை தந்த உண்மை, நீதி ஆணையம் அடிமைமுறை பற்றியும் ஒப்பந்தக் கூலிமுறை பற்றியும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதியிருக்கிறது. அதில் அவருக்கு உடன்பாடில்லாத பகுதி எது? மரியாதை குறையாமல் இதைக் கேட்க முடியும். கேட்காமல் விடுவதுதான் அவருக்குச் செய்யும் அவமரியாதை.

அரசியல் ஆய்வாளரிடம் போகும்போது விதிமுறையை எண்ணோடு தெரிந்துகொண்டு போங்கள். தீவில் 20 தொகுதிகள், தொகுதிக்கு மூவர், நாட்டின் இன்னொரு தீவான ரோட்ரிக்ஸுக்கு இருவர், ஆக 62. வாக்காளர் மூன்று வாக்கையும் போட்டே ஆக வேண்டும். அதற்கு மேல், தோற்றவர்களில் முன்னணியில் இருப்பவர்களுக்குச் சமூகச் சமநிலைக்காகத் தரும் 'பெஸ்ட் லூசர்' இடங்கள் 8 வரை. முதல் நான்கு எந்தச் சமூகத்துக்கு என்பதற்குக் கணக்கு உண்டு. சமூகத்தின் மக்கள்தொகையை, அதற்குக் கிடைத்த இடங்களோடு ஒன்றைக் கூட்டி வகுக்கிறார்கள். ஈவு எங்கே அதிகமோ அங்கே இடம் போகிறது. அந்த மக்கள்தொகை எண் 1972 கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது, அதன்பின் சமூகவாரியாக எண்ணவே இல்லை. தமிழர்கள் இந்தக் கணக்கில் இந்துக்களுக்குள் அடக்கம். ஆனால் தெருப்பேச்சில் "இந்து" என்றால் பெரும்பாலும் தமிழரை விட்டுத்தான் சொல்கிறார்கள். எனவே பேட்டியில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் எந்தக் கணக்கில் சொல்கிறார் என்று கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். 1982, 1995, 2024 ஆகிய மூன்று தேர்தல்களில் ஒவ்வொன்றிலும் தீவின் 60 இடங்களையும் ஏதோ ஓர் அணியே அள்ளியது. 2024இல் வென்ற அணிக்குக் கிடைத்த வாக்கு 60 சதவீதத்துக்குச் சற்று மேல். "இந்த முறையில் கைவைக்கக் கூடாது என்கிறீர்களே, மீதி வாக்குகளுக்குச் சபையில் குரல் எது?" என்று கேட்டால் பேச்சு தத்துவத்திலிருந்து தரைக்கு இறங்கும்.

தயாரிப்புக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். அவருடைய பழைய கட்டுரை ஒன்று, அவரை மறுத்தவர்களில் வலுவானவரின் கட்டுரை ஒன்று, இருவரும் சண்டையிடும் மூல ஆவணம் ஒன்று, இந்த மூன்றும் போதும். 40 கேள்விகள் எழுதி 12 ஆக வெட்டுங்கள். "பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்று முடிபவை முதலில் போகட்டும், அடுத்து பதிலைச் செய்தித்தாளில் பார்க்கக் கிடைப்பவை. இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டியவற்றைப் பிரித்துவிடுங்கள், இல்லையென்றால் அவர் எளிதான பாதிக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஆவணத்தின் பக்க எண் இருக்கட்டும். முதல் கேள்வி குறிப்பானதாக, பதில் சொல்ல முடிந்ததாக இருக்கட்டும். மிகக் கடினமானதை ஐம்பதாவது நிமிடத்தில் வையுங்கள். கடைசியில் வைத்தால் களைப்பு அதைக் கெடுத்துவிடும். "எந்தத் தகவல் வந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?" என்பதை எல்லோரிடமும் கேளுங்கள்.

பேச்சின் நடுவே "ஆட்சி நன்றாக இருந்தது", "கட்டமைப்பு மாறியது" என்று பொத்தாம்பொதுவாக வரும்போது குறுக்கிடுவது உங்கள் கடமை: எந்த அமைச்சகம், எந்த ஆண்டு, எந்த முடிவு? மற்ற நேரங்களில் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் பதிலை முடித்த பின் ஐந்து விநாடி சும்மா இருந்தால் பாதிக்குப் பாதி அவரே தொடர்வார். நம்மவர்களுக்கு இதுதான் கடினம். பெரியவர் நிறுத்தினால் தலையாட்டி "சரிதான் ஐயா" என்று சொல்லிவிடுகிறோம், பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஒலிப்பதிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு கருவிகளில் பதியுங்கள், சட்டை மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தகரக் கூரை வீடானால் மழைக்காலத்தில் வேறு இடம் பாருங்கள்.

மொழிக்கு வருவோம். கேட்டுக்கொண்டே தமிழில் எழுதாதீர்கள். முதலில் அவர் பேசிய மொழியிலேயே முழுவதையும் எழுதுங்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். பிரெஞ்சிலிருந்து கிரியோலுக்குத் தாவும் இடங்களில் ஒரு குறி வையுங்கள். மேடைப் பேச்சு முடிந்து மனப்பேச்சு தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். தமிழில் முன்னதைக் கட்டுரை நடையிலும் பின்னதைச் சிறிய, எளிய வாக்கியங்களிலும் தந்தால் வேறுபாடு தெரியும். மதுரை வழக்கையோ சென்னை வழக்கையோ அவர் வாயில் திணிக்காதீர்கள், சிரிப்பாக இருக்கும்.

எண்களில்தான் மானம் போகும். ஒரு மில்லியன் பத்து லட்சம். பிரெஞ்சில் 'மில்லியார்' என்றால் ஆயிரம் மில்லியன், அதாவது நூறு கோடி. அவசரத்தில் அதை மில்லியன் என்று எழுதிவிட்டால் நாட்டின் கடன் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். "வேலையின்மை 3 சதவீதம் கூடியது" என்றால் 10 சதவீதம் 13 ஆனதா, 10.3 ஆனதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். ரூபாய் வரும் இடமெல்லாம் எந்த நாட்டு ரூபாய் என்று குறியுங்கள். உங்கள் வாசகர்களில் பாதிப்பேர் தமிழ்நாட்டில் இருப்பார்கள்.

எழுத்துவடிவத்தைக் காட்டலாம், ஆனால் வரையறையோடு. பெயர், ஆண்டு, எண், துறைச்சொல் ஆகியவற்றைத் திருத்த அவருக்கு உரிமை உண்டு. பதிவில் சொன்ன கருத்தை அழிக்க உரிமை இல்லை. மனம் மாறினால் புதிய பதிலைத் தேதியோடு அடியில் சேர்த்துவிடுங்கள், பழையதும் இருக்கட்டும். பதிவுக் கருவியைத் திறக்கும் முன்பே இதை மின்னஞ்சலில் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். பேசி முடித்த பின் கேட்டால் தகராறுதான். உங்கள் முதல் பேட்டியில் இப்படி எதுவும் பேசி வைக்கவில்லை என்றால் இம்முறை அவர் விருப்பப்படி விட்டுவிடுங்கள். உங்கள் பக்கத்துக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பதில்களைச் சுருக்கலாம், கேள்வி-பதில் ஜோடியை முழுதாக இடம் மாற்றலாம். ஒரு கேள்விக்கான பதிலை வேறு கேள்வியின் கீழ் ஒட்டக் கூடாது. வீட்டுக்கு வந்தபின் உங்கள் கேள்வியைக் கூர்மையாக்கி எழுதவும் கூடாது. பலர் செய்கிறார்கள், அதனால் பேட்டி தந்தவர் மழுப்பியதுபோலத் தெரிகிறது.

அடுத்த பேட்டிக்கு முதியோர் ஓய்வூதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1950இல் வருமானம் பார்த்துத் தரத் தொடங்கிய உதவி, 1958இல் எல்லோருக்கும் என்று ஆனது. 1960களின் தொடக்கத்தில் பிரித்தானிய அறிஞர்கள் ரிச்சர்ட் டிட்மஸ், பிரையன் ஏபல்-ஸ்மித் தந்த சமூகக் கொள்கை அறிக்கை அந்தக் காலத்து வாதங்களைக் காட்டும். 2025 ஜூன் வரவுசெலவுத் திட்டம் தகுதி வயதை 60இலிருந்து படிப்படியாக 65 ஆக்குவதாக அறிவித்தது. பொதுக்கடனைப் படிக்கும் பொருளாதார அறிஞர் ஒருவர், உழைப்பாளர் வாழ்வைப் படிக்கும் சமூகவியலாளர் ஒருவர் என இருவரைத் தேர்ந்தெடுங்கள். கரும்புத் தோட்டத்திலும் ஆலையிலும் உடல் தேய்ந்தவருக்கும் அலுவலகத்தில் இருந்தவருக்கும் ஒரே வயது சரியா, வருமானம் பார்த்துத் தரும் முறைக்குத் திரும்பினால் அதை நடத்தும் செலவு என்ன, விடுபடுவோர் யார் என்று இருவரிடமும் கேளுங்கள். ஒரே மேசையில் உட்கார வைக்காதீர்கள், விவாதமேடை ஆகிவிடும். முதலாமவர் தரும் கணக்கை ஒரு தாளில் எழுதி இரண்டாமவரிடம் கொண்டுபோய், எந்த வரியில் அவருக்கு உடன்பாடில்லை என்று பேனாவால் கோடிடச் சொல்லுங்கள்.