ஆர் மொழி ஸ்கிரிப்ட்டுகள்: அடுக்குவதும் சோதிப்பதும் (கேள்வி பதில்)

கேள்வி: நேற்று ஆர்ஸ்டுடியோவில் (ஆர் நிரல் எழுதி ஓட்டும் மென்பொருள்) ஓடிய ஸ்கிரிப்ட் இன்று "ஆப்ஜெக்ட் நாட் ஃபவுண்ட்" என்கிறது. கோப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லையே?

பதில்: நேற்று நினைவகத்தில் கிடந்த ஏதோ ஒரு மாறி (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயர்) உங்கள் ஸ்கிரிப்ட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதை உருவாக்கிய வரி கோப்பில் இல்லை, கன்சோலில் மட்டும் தட்டியிருப்பீர்கள். செஷன் மூடியதும் மாறியும் போய்விட்டது.

டூல்ஸ் மெனுவில் குளோபல் ஆப்ஷன்ஸ், அதில் ஜெனரல் போங்கள். தொடங்கும்போது, பழைய மாறிகள் சேமிக்கப்பட்ட ஆர்டேட்டா கோப்பை மீட்டெடுக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். வெளியேறும்போது வொர்க்ஸ்பேஸை (நினைவகத்தில் இருக்கும் மாறிகளை) சேமிப்பதை 'நெவர்' ஆக்குங்கள். பிறகு அடிக்கடி கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தி ஆரை மறுதொடக்கம் செய்து, கன்ட்ரோல்+ஷிஃப்ட்+என்டர் கொடுத்து முழுக் கோப்பையும் ஓட்டுங்கள். வெற்றுச் செஷனில் முதல் வரியிலிருந்து கடைசி வரை ஓடாத ஸ்கிரிப்ட்டை முடிந்த வேலையாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

கேள்வி: எல்லா மாறிகளையும் அழிக்கும் ஆர்எம் கட்டளையை முதல் வரியில் வைத்தால் போதாதா?

பதில்: போதாது. மாறிகள் அழியும், ஏற்றிய பேக்கேஜ்களும் (கூடுதல் ஃபங்ஷன் தொகுப்புகள்) மாற்றிய ஆப்ஷன்களும் அப்படியே இருக்கும். பேக்கேஜை ஏற்றும் லைப்ரரி வரியை எழுத மறந்திருந்தாலும் உங்கள் கணினியில் ஓடும், அடுத்தவர் கணினியில் நிற்கும். போதாக்குறைக்கு, உங்கள் கோப்பை ஓட்டிப் பார்ப்பவரின் மாறிகளையும் துடைத்துவிடும்.

கேள்வி: ஸ்கிரிப்ட்டை நண்பருக்கு அனுப்பினால் கோப்புப் பாதையிலேயே பிழை வருகிறது.

பதில்: உங்கள் கணினியின் ஃபோல்டரை வேலை ஃபோல்டராகக் குறிக்கும் செட்டபிள்யூடி வரியை நீக்குங்கள். ஆர்ஸ்டுடியோ புராஜெக்ட் ஒன்றைத் தொடங்கி, பாதைகளை 'ஹியர்' பேக்கேஜ் மூலம் கொடுங்கள். புராஜெக்ட் கோப்பு இருக்கும் இடத்தையே அது வேராக எடுத்துக்கொள்ளும். உள்ளே மூல தரவுக்கு ஒரு ஃபோல்டர் (அதில் எதையும் திருத்தக் கூடாது), ஃபங்ஷன்களுக்கு ஒன்று, 01, 02 என வரிசை எண்ணிட்ட ஸ்கிரிப்ட்டுகளுக்கு ஒன்று, முடிவுகளுக்கு ஒன்று. முடிவு ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டு, மறுபடி உருவாக்க முடிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நான் பேக்கேஜ் எழுதவில்லை. சோதனைகள் எழுத உதவும் 'டெஸ்ட்தட்' பேக்கேஜ் எனக்குப் பயன்படுமா?

பதில்: தாராளமாக. முதலில் ஸ்கிரிப்ட்டில் இருக்கும் கணக்குகளை ஃபங்ஷன்களாகப் பிரித்துத் தனிக் கோப்பில் வையுங்கள். நானூறு வரி ஓடும் ஸ்கிரிப்ட்டைச் சோதிக்க வழியில்லை. பத்து வரி ஃபங்ஷனைச் சோதிக்கலாம். சோதனைக் கோப்பின் பெயர் 'டெஸ்ட்' என்று தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனைகளை ஓட்டும் டெஸ்ட்டிர் கட்டளை அதைக் கண்டுகொள்ளாது. அந்தக் கட்டளை ஓடும்போது வேலை ஃபோல்டர் சோதனை ஃபோல்டருக்கு மாறிவிடும். ஃபங்ஷன் கோப்பைச் சோர்ஸ் செய்யும் (படித்து ஓட்டும்) வரி பிழை காட்டுவது பெரும்பாலும் இதனால்தான்; அங்கேயும் 'ஹியர்' போடுங்கள்.

தசம எண்களை == கொண்டு ஒப்பிடாதீர்கள். 0.1 + 0.2 == 0.3 என்று கேட்டால் ஆர் 'ஃபால்ஸ்' என்றே சொல்லும், ஏனெனில் இவற்றை இரும முறையில் துல்லியமாக எழுத முடியாது. டெஸ்ட்தட்டில் உள்ள எக்ஸ்பெக்ட்-ஈக்வல் சிறு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும். எக்ஸ்பெக்ட்-ஐடென்டிகல் பொறுக்காது. சோதனைக்கு வெற்று டேட்டாஃபிரேம் (தரவு அட்டவணை), ஒரே வரிசை, எல்லாமே என்ஏ (விடுபட்ட மதிப்பு) ஆகிய மூன்றையும் அவசியம் கொடுத்துப் பாருங்கள். பிழைகள் அதிகம் பதுங்குவது அங்கேதான்.

கேள்வி: சீரற்ற எண்களின் தொடக்கத்தை நிர்ணயிக்கும் செட்சீட்டில் ஒரே எண்தான். இருந்தும் இரண்டு கணினிகளில், சீரற்ற முறையில் எடுக்கும் 'சாம்பிள்' வேறு வேறு விடை தருகிறது.

பதில்: ஆர் பதிப்பைப் பாருங்கள். 2019இல் வந்த 3.6.0இல் 'சாம்பிள்' எண் எடுக்கும் முறை மாறியது. இரண்டிலும் புதிய பதிப்பை நிறுவுவதே நல்லது. பழைய முடிவு வேண்டுமென்றால் ஆர்என்ஜிவெர்ஷன் கட்டளையில் 3.5.0 கொடுங்கள்.

கேள்வி: விண்டோஸில் தமிழ் ஊர்ப் பெயர்கள் 'யூ பிளஸ்' குறியீடுகளாக வருகின்றன.

பதில்: 4.2.0க்கு முந்தைய ஆராக இருக்கும். 2022இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான், புதிய விண்டோஸ் 10, 11இல் ஆர் யூடிஎஃப்-8ஐ (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் குறியீட்டு முறை) இயல்பாகவே பயன்படுத்துகிறது. மேம்படுத்திய பிறகும் ஸ்கிரிப்ட்டில் எழுத்து சிதைந்திருந்தால், ஃபைல் மெனுவில் 'ரீஓப்பன் வித் என்கோடிங்' கொடுத்து யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள். சிதைந்த நிலையில் மட்டும் சேமித்துவிடாதீர்கள்.