ஏழாவது ஆள்

அன்புள்ள ஐயா,

நாங்கள் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் இருக்கிறோம். மகன் பதினோராம் வகுப்பு, பள்ளியின் கிராஸ் கன்ட்ரி அணியில் ஓடுகிறான். போன சனிக்கிழமை நடந்த செக்‌ஷனல் என்ற தகுதிப் போட்டியில் 2 புள்ளி வித்தியாசத்தில் அவர்கள் அணி மாநிலப் போட்டிக்குத் தேர்வானது. பள்ளியே கொண்டாடியது. ஆனால் முதல் ஐந்து பேரின் இடங்களைத்தான் கூட்டுவார்களாம். இவன் அணியில் ஏழாவதாக வந்தான். "நான் ஓடினதை யாரும் எண்ணவே இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டான். ஜூலை வெயிலில் தினமும் ஓடிய பிள்ளை. படிப்பைப் பார்க்கட்டும், இது போதும் என்கிறார் கணவர். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஆர்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு எண் இருக்கிறது. 2 புள்ளி. அதை நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். என்னால் கடக்க முடியவில்லை.

இந்த ஓட்டத்தின் கணக்கு தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். புல்வெளி, மேடு, பள்ளம், மழை பெய்தால் சேறு என்று திறந்த வெளியில் ஓடுவது. இல்லினாயில் தூரம் 3 மைல். ஓர் அணிக்கு ஏழு பேர். முதல் ஐந்து பேர் எத்தனையாவதாக வந்தார்களோ அந்த எண்களைக் கூட்டுவார்கள். குறைவான கூட்டல் ஜெயிக்கும். ஓர் அணியின் ஆட்கள் 1, 3, 5, 8, 40 என்ற இடங்களில் வருகிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 57. இன்னொரு அணி 9, 10, 11, 12, 13 என்று சேர்ந்தாற்போல் வருகிறது. மொத்தம் 55. ஓட்டத்தில் முதலாவதாக வந்தவன் அணி தோற்றுவிட்டது. நாற்பதாவதாக வந்த அந்த ஒருவனிடம்தான் எல்லாம் போயிற்று.

இப்போது அந்த 40-ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அவனுக்கு முன்னால் வந்த 39 பேரில் ஜெயித்த அணியின் ஆறாவது ஆளும் ஏழாவது ஆளும் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் இருவரும் அவனுக்குப் பின்னால் வந்திருந்தால் அவன் இடம் 38 ஆகியிருக்கும். 55-க்கு 55. சமநிலையில் யாருடைய ஆறாவது ஆள் முன்னால் வந்தான் என்றுதான் பார்ப்பார்கள். அதாவது ஆறாவதும் ஏழாவதும் சொந்த அணிக்கு எதையும் கூட்டுவதில்லை, எதிரணியின் கணக்கை ஏற்றுகிறார்கள். இந்த விளையாட்டில் எனக்கு மிகப் பிடித்த விதி இதுதான்.

என் அக்கா குடும்பம் சிகாகோவின் மேற்குப் புறநகரில் இருந்தபோது இரண்டு இலையுதிர்காலங்கள் அங்கே தங்கியிருந்தேன். அக்கா மகள் ஓடுவாள். முதல் தடவை நானும் எல்லோரையும் போல முடிவுக் கோட்டில் போய் நின்று, முதலில் வந்த பெண்ணுக்குக் கைதட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கோச்சுகள் யாரும் அந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை. பின்னால் வரும் கூட்டத்தில் தங்கள் நிறப் பனியன்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நாலு, அஞ்சு, அஞ்சு எங்கே? அன்றைக்குத்தான் எனக்கு இந்த ஓட்டம் புரிய ஆரம்பித்தது.

அந்தப் பக்கத்தில்தான் எல்ம்ஹர்ஸ்ட் இருக்கிறது. அங்குள்ள யார்க் உயர்நிலைப் பள்ளியில் ஜோ நியூட்டன் என்ற கோச் 2016 வரை இருந்தார், 2017-இல் மறைந்தார். அவர் காலத்தில் அந்தப் பள்ளி 28 முறை மாநிலப் பட்டம் வென்றது. அவரைப் பற்றி நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது அந்த 28-ஐ அல்ல. மெதுவாக ஓடுகிறான் என்பதற்காக அவர் அணியில் யாரையும் வேண்டாம் என்று அனுப்பியதில்லை. இருநூறு பையன்கள் வரை இருப்பார்கள். மாநிலப் போட்டியில் ஓடப்போவது ஏழு பேர். ஆனாலும் தினமும் பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு பையனும் அவரிடம் வந்து கைகொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கடைசியாக ஓடி வந்தவனும்தான். உங்கள் மகன் 'எண்ணவே இல்லை' என்று சொன்னபோது எனக்கு அந்த வரிசைதான் ஞாபகத்துக்கு வந்தது.

தனி ஆளின் புகழைக் குறைத்துச் சொல்லவில்லை. மாநிலப் போட்டி நடக்கும் பியோரியா டெட்வீலர் பூங்காவில் 1972-இல் கிரெய்க் விர்ஜின் 13 நிமிடம் 50.6 நொடியில் ஓடினார். 2019 வரை அதை யாராலும் முறியடிக்க முடியவில்லை. அப்படி ஓடுகிறவனை ஊரே நினைவில் வைத்திருப்பது நியாயம்தான். ஆனால் அணிப் பட்டம் வேறு கணக்கு.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. படிப்பு முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் ஜூலையில் யாரும் பார்க்காதபோது தானே எழுந்து ஓடப் போன பையனை அதிலிருந்து பிடுங்கிப் படிப்பில் உட்காரவைக்க முடியும் என்று நான் நம்பவில்லை. அதே பழக்கம்தான் அவனைப் படிக்கவும் வைக்கும்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. செக்‌ஷனல் முடிவுத் தாளை எடுங்கள். உங்கள் அணிக்கு அடுத்து, 2 புள்ளியில் வாய்ப்பை விட்ட பள்ளியைத் தேடுங்கள். அந்தப் பள்ளியின் முதல் ஐந்து பேரில் எத்தனை பேர் உங்கள் மகனுக்குப் பின்னால் வந்தார்கள் என்று எண்ணுங்கள். ஒருவன் இருந்தால் அந்த 2-இல் ஒன்று உங்கள் மகனுடையது. இருவர் இருந்தால் இரண்டுமே. அவன் பின்தங்கியிருந்தால் கணக்கு சமமாகி, முடிவு ஆறாவது ஆளின் கையில் போயிருக்கும். யாருமே இல்லாமலும் போகலாம். அப்படியென்றால் அதை மறைத்து ஆறுதல் சொல்லாதீர்கள், பதினாறு வயதுப் பையன் கண்டுபிடித்துவிடுவான். அன்றைக்கு அவன் பங்கு கணக்கில் விழவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஐந்தாவது ஆளுக்குக் கால் பிசகியிருந்தால் அணியைத் தாங்க அவன் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

பியோரியாவுக்கு நீங்கள் இருவரும் போங்கள். முடிவுக் கோட்டில் நிற்காதீர்கள், ஒரு முந்நூறு மீட்டர் முன்னால் கயிற்றோரம் இடம் பிடியுங்கள். அவன் வரும்போது எத்தனையாவது இடம் என்று கத்த வேண்டாம். முன்னால் எந்தப் பள்ளிப் பனியன் போகிறது, எத்தனை அடி தூரத்தில் போகிறது, அதை மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்.