கொர்னேலியஸ்: ரோமிலிருந்து என் தாத்தா வரை வந்த ஒரு பெயர்

கேள்வி: பழங்கால ரோமானியரின் பெயர் ஏதாவது அறுபடாமல் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறதா? அதைத் தாங்கியவர்கள் யார் யார்?

என் தாத்தாவின் பெயரே அப்படிப்பட்டதுதான். கொர்னேலியஸ். ஊரில் எல்லோருக்கும் அவர் 'கொர்நேலி வாத்தியார்'. ரேஷன் கார்டில் ஒரு விதமாகவும் வாக்காளர் பட்டியலில் இன்னொரு விதமாகவும் எழுதியிருப்பார்கள். சபைப் பதிவேட்டில் மட்டும் 'கொர்நேலியு' என்று இருக்கும். தமிழ் வேதாகமத்தில் இருக்கும் வடிவம் அதுதான். "இது என்ன பேரு தாத்தா?" என்று சின்ன வயதில் கேட்டபோது, "அப்போஸ்தலர் பத்தாம் அதிகாரத்தை எடுத்துப் படி" என்றார். படித்தேன். அந்த அதிகாரத்துக்கு முன்னால் பல நூறு ஆண்டுகளும் பின்னால் இரண்டாயிரம் ஆண்டுகளும் இந்தப் பெயருக்கு இருக்கின்றன என்பது மிகவும் பிந்தித்தான் தெரியவந்தது. அதனால் இந்தக் கேள்விக்கு என்னால் சுருக்கமாகப் பதில் எழுத முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரோமில் கொர்னேலியஸ் என்பது தனி ஒருவருக்கு வைக்கிற பெயர் அல்ல. அது குலப்பெயர். லூசியஸ் கொர்னேலியஸ் சிப்பியோ என்றால், லூசியஸ் வீட்டில் வைத்த பெயர், கொர்னேலியஸ் குலம், சிப்பியோ அந்தக் குலத்தின் ஒரு கிளை. கொம்பு என்று பொருள்படும் 'கோர்னு' என்ற லத்தீன் சொல்லோடு இந்தக் குலப்பெயரை இணைத்துச் சொல்வது வழக்கம். ரோமின் மேட்டுக்குடிக் குலங்களில் மிகப் பெரியவற்றுள் இது ஒன்று.

இந்தக் குலத்துக்காரர்களின் கல்லறை ஒன்று அப்பியா சாலையோரம் இருக்கிறது. கி.மு. 298இல் ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சலாக இருந்த சிப்பியோ பார்பாட்டஸின் கல்பெட்டி அங்கேதான் கிடைத்தது. இப்போது வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மூடியில் அவர் பெயரோடு அப்பா பெயரின் சுருக்கத்தையும் சேர்த்துப் பொறித்திருக்கிறார்கள். அப்பா பெயரை எழுத்தாகச் சுருக்கி வைத்துக்கொள்ளும் நமக்கு இது அந்நியமாகத் தெரியாது. கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலை கி.மு. 202இல் சாமா போரில் தோற்கடித்த சிப்பியோ ஆப்பிரிக்கானஸ் இதே கிளைதான். கி.மு. 146இல் கார்த்தேஜ் நகரத்தை அழித்த இளைய சிப்பியோ தத்துப் பிள்ளையாக இந்தப் பெயருக்குள் வந்தவர்.

வீட்டுப் பெண்களுக்கோ தனிப்பெயர்கூடக் கிடையாது. கொர்னேலியஸ் குலத்தில் பிறந்தால் கொர்னேலியா. இரண்டு பெண் பிறந்தால் இரண்டு பேருமே கொர்னேலியா. ஆப்பிரிக்கானஸுக்கு அப்படி இரண்டு கொர்னேலியாக்கள். அதில் இளையவரை எனக்கு மிகவும் பிடிக்கும். 12 பிள்ளைகள் பெற்று மூன்று பேரைத்தான் வளர்த்தெடுக்க முடிந்தது. கணவர் இறந்த பிறகு எகிப்தின் அரசன் தாலமி பெண் கேட்டு அனுப்பியும் மறுத்துவிட்டார். நகைகளைக் காட்டிப் பெருமைப்பட்ட ஒரு பெண்ணிடம் தன் பிள்ளைகளைக் காட்டி "இவர்கள்தான் என் நகைகள்" என்று சொன்னவராக இவரைச் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகள்தான் திபேரியஸ் கிராக்கஸும் காயஸ் கிராக்கஸும். நிலமில்லாத ஏழைகளுக்கு நிலம் பிரித்துக் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்த மூத்தவர் கி.மு. 133இல் அடித்துக் கொல்லப்பட்டார். தம்பியும் கி.மு. 121இல் உயிரிழந்தார். அதற்குப் பிறகும் அந்தத் தாய் மிசேனம் கடற்கரையில் வீட்டைத் திறந்து வைத்து, வருகிறவர்களிடம் பிள்ளைகளைப் பற்றிக் கண்ணீர் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார் என்று பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அவருக்கு ரோமில் பொது இடத்தில் சிலை வைத்தார்கள். சிலை போய்விட்டது. அதன் பீடம் மட்டும் 1878இல் கிடைத்தது. கொர்னேலியா, ஆப்பிரிக்கானஸின் மகள், கிராக்கஸ்களின் தாய் என்று அதில் இருக்கிறது.

சரி, ஒரு குலத்துக்குள் பூட்டி வைத்திருந்த பெயர் வெளியே எப்படி வந்தது? இதற்குப் பெரிய காரணம், அந்தக் குலத்திலேயே மிகக் கொடூரமான ஆள். லூசியஸ் கொர்னேலியஸ் சுல்லா. உள்நாட்டுப் போரில் வென்று சர்வாதிகாரியானதும், கொல்லப்பட வேண்டியவர்கள் என்று பெயர்ப்பட்டியல் எழுதிச் சந்தையில் ஒட்டியவர். பட்டியலில் இருந்தவர்களைக் கொன்றவருக்குப் பரிசு, கொல்லப்பட்டவரின் சொத்து பறிமுதல். அப்படிக் கொல்லப்பட்டவர்களின் அடிமைகளில் இளமையும் வலுவும் உள்ள 10,000க்கு மேற்பட்டவர்களை விடுதலை செய்து குடியுரிமையும் கொடுத்தார். தனக்கு ஆதரவுக் கூட்டம் வேண்டும் என்பதுதான் நோக்கம். விடுதலை பெற்ற அடிமை, விடுவித்தவரின் குலப்பெயரை ஏற்றுக்கொள்வது ரோமானிய வழக்கம். ஆகவே அந்த 10,000 பேரும் கொர்னேலியஸ் ஆனார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது வெகுநேரம் மேலே போக முடியவில்லை. நேற்றுவரை சந்தையில் விற்கப்பட்ட மனிதர், இன்று சிப்பியோவின் குலப்பெயரோடு தெருவில் நடக்கிறார். அந்தப் பெயரைக் கொடுத்த கை ரத்தக்கறை படிந்த கை. ஆனால் வாங்கிக்கொண்டவருக்கு அது தன் பிள்ளைகள் சுதந்திரமாகப் பிறப்பார்கள் என்பதற்கான சான்று. இந்தப் பெயரைப் பற்றி நான் எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டேன்.

சுல்லாவின் எதிரி சின்னாவும் ஒரு கொர்னேலியஸ்தான். அவர் மகள் கொர்னேலியாவைக் கட்டியிருந்தவர் ஜூலியஸ் சீசர். அவளை விலக்கிவிடு என்று சுல்லா உத்தரவிட்டும், தலைக்கு ஆபத்து என்று தெரிந்தும், இளைஞர் சீசர் மறுத்துவிட்டார். பின்னால் வந்தவர்களில் வரலாற்றாசிரியர் டாசிடஸ் உண்டு. மருத்துவ நூல் எழுதிய செல்சஸ் உண்டு. அழற்சி என்றால் சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று அவர் சொன்ன நான்கு அடையாளங்களை மருத்துவ மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள்.

இப்போது தாத்தா சொன்ன அதிகாரம். செசரியா பட்டணத்தில் ரோமானியப் படையின் நூற்றுக்கு அதிபதி கொர்நேலியு. தேவபக்தியுள்ளவர், ஏழைகளுக்கு உதவுகிறவர், ஆனால் யூதர் அல்ல. தரிசனத்தில் தேவதூதன் சொன்னபடி யோப்பாவுக்கு ஆள் அனுப்பி, தோல் பதனிடுகிற சீமோனின் வீட்டில் தங்கியிருந்த பேதுருவை அழைத்துவரச் செய்கிறார். அந்நியர் வீட்டுக்குள் யூதர் நுழைவது வழக்கமில்லாத காலம் அது. பேதுரு வாசலைத் தாண்டி உள்ளே வருகிறார். காலில் விழுந்த கொர்நேலியுவைத் தூக்கி, எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான் என்கிறார். பிறகு அந்த வீட்டில் கூடியிருந்த எல்லோரும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள்.

இந்தக் கொர்நேலியு, சுல்லா விடுதலை செய்த அடிமைகளில் ஒருவரின் வழிவந்தவராக இருக்கலாம் என்று ஊகிப்பவர்கள் உண்டு. உறுதியாகச் சொல்ல வழியில்லை, ஆனால் சிப்பியோக்களின் நேரடி வாரிசு என்பதைவிட இதை நம்புவது எளிது. எங்கள் குடும்பத்தில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் தாத்தாவின் அப்பா. சில வாசல்களுக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டவர் அவர். தன் மூத்த மகனுக்கு வேதாகமத்தில் அத்தனை பெயர்கள் இருக்க இந்தப் பெயரை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று நான் யாரையும் கேட்கத் தேவைப்படவில்லை.

அடுத்து, 251இல் ரோமின் ஆயரான போப் கொர்னேலியஸ். டேசியஸ் பேரரசன் காலத் துன்புறுத்தலில் உயிருக்குப் பயந்து சிலைகளுக்குப் பலியிட்ட கிறிஸ்தவர்கள் ஏராளம். அவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்று நொவேஷியன் என்பவர் தலைமையில் ஒரு பிரிவு நின்றது. மனம் வருந்தி வருகிறவர்களுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்றார் கொர்னேலியஸ். அவர் எழுதிய ஒரு கடிதத்தில் அன்றைய ரோமானியத் திருச்சபையின் கணக்கு இருக்கிறது: குருக்கள் 46 பேர், திருத்தொண்டர்கள் 7 பேர், சபை சோறு போட்டுக் காப்பாற்றிய விதவைகளும் ஏழைகளும் 1,500 பேருக்கு மேல். நாடு கடத்தப்பட்டு 253இல் இறந்தார்.

கொம்பு என்ற பொருள் இவரை விடவில்லை. படங்களில் கையில் ஒரு கொம்போடு இருப்பார். பிரான்சின் பிரித்தானிப் பகுதியில், ஆயிரக்கணக்கான நெடுங்கற்கள் வரிசை வரிசையாக நிற்கும் கார்னாக் ஊரில், இவர்தான் மாடுகளின் காவலர். தன்னைத் துரத்திவந்த ரோமானியப் படைவீரர்களை அவர் கல்லாக்கினார், அந்த வரிசைகள்தான் இவை என்பது ஊர்க்கதை. கோயில் முகப்பில் அவர் சிலைக்கு இரண்டு பக்கமும் மாடுகள்.

ஜெர்மனியில் ஆகன் நகருக்குப் பக்கத்து மடம் ஒன்றுக்கு இவருடைய புனிதப் பொருட்கள் போனதால், அக்கம்பக்கத்து டச்சு நாடுகளில் கொர்னேலிஸ் என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் பெயரானது. 1620 வாக்கில் தேம்ஸ் ஆற்றில் நீர்மூழ்கிப் படகு ஓட்டிக் காட்டிய திரெபெல் ஒரு கொர்னேலிஸ். 1672இல் ஹேக் நகரில் தம்பியோடு சேர்த்துக் கூட்டத்தால் கொல்லப்பட்ட டி விட் இன்னொருவர். டச்சுக் குடியேறிகளின் வழியில் நியூயார்க்கில் பிறந்து, படகில் தொடங்கி ரயிலில் பெரும்பணம் சேர்த்த வாண்டர்பில்ட்டும் கொர்னேலியஸ்தான். அயர்லாந்தில் கதை வேறு. அங்கே 'கொனொர்' என்று நாம் கேட்கும் பழைய ஐரிஷ் பெயரை ஆங்கிலேயர் காலப் பதிவேடுகளில் கொர்னேலியஸ் என்று மாற்றி எழுதினார்கள். இரண்டு பெயருக்கும் உறவே கிடையாது, ஓசையில் கொஞ்சம் ஒப்புமை, அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஆக்ராவில் 1903இல் பிறந்து, 1960 முதல் 1968 வரை பாகிஸ்தானின் தலைமை நீதிபதியாக இருந்த ஏ. ஆர். கொர்னேலியஸ். அரசியல் நிர்ணய சபையைக் கலைத்தது தொடர்பான 1955ஆம் ஆண்டு வழக்கில், மற்ற நீதிபதிகள் எல்லோரும் ஒருபக்கம் நிற்க, தனியாக மாற்றுத் தீர்ப்பு எழுதியவர்.

இன்னொருவர் தஞ்சாவூரில் 1892 ஜனவரி 4 அன்று பிறந்த ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார். பம்பாயில் தொழில் செய்தார். கோட்டும் சூட்டும் போட்ட ஆடிட்டர். பிறகு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்தபோது, இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்ற கேள்விக்கு ஆங்கில அரசின் வரவுசெலவுக் கணக்கிலேயே பதிலைக் கண்டுபிடித்தார். 1929இல் காந்தியைச் சந்தித்தார். கதருக்கு மாறினார். கொர்னேலியஸை விட்டுவிட்டுக் குடும்பத்தின் பழைய பெயரை எடுத்துக்கொண்டார். ஜே. சி. குமரப்பா என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்து, கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் கல்லுப்பட்டி ஆசிரமத்தில் தங்கியிருந்து, 1960 ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே தேதியில் காலமானார். கடைசிவரை கிறிஸ்தவராகவே இருந்தார். இயேசுவைப் பற்றிப் புத்தகமே எழுதினார். பெயரை மட்டும் இறக்கி வைத்தார்.

ஒரு காலத்தில் எனக்கு இது கொஞ்சம் வருத்தமாக இருந்தது, தாத்தாவின் பெயரை யாரோ வேண்டாம் என்று சொன்னது போல. தாத்தாவிடமே சொன்னேன். "அவருக்கு விடுதலை அந்தப் பேர கழட்டுறதுல இருந்திருக்கு. எங்கப்பாவுக்கு அத போடுறதுல இருந்துச்சு" என்றார். அவருக்குச் சுல்லாவையோ அந்த 10,000 பேரையோ தெரியாது.

தாத்தா போய் ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் இப்போது அந்தப் பெயர் இல்லை. அப்பா தமிழில் கையெழுத்துப் போடுகிறவர். தன் பெயருக்கு முன்னால் முதலில் 'கொ' எழுதுவார், பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார்.